பூட்டீனும் புகையூட்டிய இறைச்சியும்

மன்னர் முடிசூடிய நாளைக் கல்லில் வெட்டி வைத்தனர். கோட்டை வீழ்ந்த நாளை ஏட்டில் எழுதி வைத்தனர். குடியானவன் ஒருவன் தன் பசிக்குப் புதியதோர் உணவைக் கண்ட நாளை எவரும் குறித்து வைத்தாரில்லை. ஆகவே, உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர், கடைக்காரரின் நினைவையும், பழைய விளம்பரங்களையும், சொல்லின் பொருள் மாற்றத்தையும் துணைக்கொண்டே வழி காண வேண்டியவராகின்றனர். கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் தோன்றிய பூட்டீன் என்னும் உணவு இதற்குத் தக்க சான்று. அது தோன்றி எழுபது ஆண்டளவே ஆகின்றது. அதற்குள்ளாகவே அதன் பிறப்பிடம் எது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு மூண்டுவிட்டது.

பூட்டீன் என்பது யாது? பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் அழுத்திக் கட்டியாக்கப்படாத பச்சைச் சீஸ் துண்டுகள், அவற்றின்மேல் சுடச்சுட ஊற்றிய பழுப்புக் குழம்பு. இவ்வளவே. மாண்ட்ரியல் நகரத்து வீடுகளில் இதன்மேல் நான்காவது பொருளொன்றையும் சேர்ப்பதுண்டு. பல நாள் உப்பிலும் மசாலையிலும் ஊறி, புகையில் வெந்து, ஆவியில் குழைந்த மாட்டிறைச்சியே அது. அந்நகரத்தார் அதை 'ஸ்மோக்ட் மீட்' என்பர். மாட்டிறைச்சி உண்ணாதவர்க்கும் இதன் வரலாறு சுவையானதே. ஏனெனில், ஒரே நகரில் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவரையொருவர் ஐயுற்றிருந்த இரண்டு இனத்தாரின் உணவுகள் இத்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

கிழங்கையும் சீஸையும் முதற்கண் எடுத்துக்கொள்வோம். மாண்ட்ரியலுக்கும் கியூபெக் நகரத்துக்கும் இடையே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்புறத்தில் கிடக்கும் நிலம் பால்மாட்டுப் பண்ணைகள் நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனடா, செடார் என்னும் சீஸைப் பெருமளவில் பிரிட்டனுக்கு அனுப்பி வந்தது. அவ்வணிகத்தின் பயனாகக் கியூபெக்கின் சிற்றூர்களிலும் சீஸ் ஆலைகள் எழுந்தன. பாலை வெதுவெதுப்பாக்கி, உறையிட்டு, ரென்னட் சேர்த்துத் திரளச் செய்து, நீரை வடித்து, துண்டாக்கி, உப்பிட்டு, அச்சில் அழுத்திப் பல மாதம் முதிரவைத்தால் செடார் ஆகும். அச்சில் இடுவதற்கு முன்னரே அத்துண்டுகளை எடுத்துத் தின்றுவிட்டால் அதுவே பச்சைச் சீஸ்.

இதற்கொரு வியப்பான பண்புண்டு. கடிக்கும்போது பல்லில் உராய்ந்து கீச்சென்று ஒலிக்கும். பால்புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பின்னிய இறுக்கமான வலையே இவ்வொலிக்குக் காரணம். நேரம் செல்லச் செல்லப் புளிப்பு ஏறி வலை தளர்ந்துவிடும், ஒலியும் அடங்கிவிடும். குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒலி இன்னும் விரைவில் மறைகின்றது. கீச்சொலி அடங்கிய சீஸைக் கியூபெக் மக்கள் பழையது என்றே தள்ளுவர். காலையில் செய்தது மாலைக்குள் விற்றாக வேண்டும். ஆலைக்கு அருகிலிருக்கும் ஊர்களில் மட்டுமே இது கிடைக்கும் பண்டமாயிருந்ததன் காரணம் இதுவே. பூட்டீன் ஏன் மாண்ட்ரியல் பெருநகரில் பிறவாமல் நாட்டுப்புறத்தில் பிறந்தது என்னும் வினாவுக்கும் இதிலேயே விடையுளது.

இனி, பிறப்பு வழக்கு. வார்விக் என்னும் சிற்றூரில் ஃபெர்னான் லஷான்ஸ் என்பார் ஓர் உணவகம் நடத்தி வந்தார். 1957ஆம் ஆண்டில் எடி லெனெஸ் என்னும் வாடிக்கையாளர் வந்து, பொரித்த கிழங்கையும் சீஸ் துண்டுகளையும் ஒரே பையில் போட்டுத் தருமாறு கேட்டாராம். இது பெரிய குழப்படியாகப் போகிறதே என்னும் பொருளில் 'பூட்டீன்' என்ற சொல்லைக் கூறிக்கொண்டே லஷான்ஸ் கலந்து கொடுத்தார் என்பது கதை. அப்போது குழம்பு இல்லை; கிழங்கு சூடு ஆறாதிருக்கப் பின்னரே குழம்பு சேர்ந்தது என்பர். டிரம்மண்ட்வில் நகரத்தில் ஜான்-போல் ருவா என்பாரின் கூற்று வேறு. அவர் கடையில் பொரித்த கிழங்குக்குக் குழம்பூற்றித் தருவது முன்னமே வழக்கம். கடையில் விற்பனைக்கு வைத்திருந்த சீஸ் துண்டுகளை வாங்கி வாடிக்கையாளர் தாமே அதில் போட்டுக்கொள்வதைக் கண்டு, 1964இல் மூன்றையும் சேர்த்து உணவுப் பட்டியலில் ஏற்றினார். அவர் நிறுவிய உணவகம் 'பூட்டீனைக் கண்டுபிடித்தவர்' என்னும் தொடரை வணிகக் குறியாகவே பதிவு செய்துகொண்டது. பிரின்ஸ்வில் என்னும் மூன்றாம் ஊரும் உரிமை கோருகின்றது.

லஷான்ஸ் 2004இலும் ருவா 2007இலும் மறைந்தனர். அவர்களோடு வழக்கு மறையவில்லை. ஆனால் இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். வார்விக்கில் கலந்து கேட்டவர் வாடிக்கையாளர். டிரம்மண்ட்வில்லில் கலந்து உண்டவரும் வாடிக்கையாளரே. கடைக்காரர் இருவரும் கண்டவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே. கிழங்கும் சீஸும் ஒரே மேசைமேல் கிடைத்த அவ்வட்டாரத்தில் பலர் இதைச் செய்திருப்பர் என்று கொள்வதே பொருந்தும். புகழைப் பெயரெழுதிப் பங்கிடுவது வணிகர்க்கு வேண்டுவதாகலாம், வரலாற்றுக்கு வேண்டுவதன்று.

சொல்லின் வரலாறு உணவின் வரலாற்றினும் நீண்டது. ஆங்கிலப் 'புட்டிங்' என்னும் சொல்லே பிரெஞ்சுக்காரர் நாவில் திரிந்து பூட்டீன் ஆயிற்று என்பார் ஒரு சாரார். தென் பிரான்சு வட்டார வழக்கில் கூட்டுக் கலவையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பார் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், உருளைக்கிழங்கும் குழம்பும் சேர்வதற்கு நெடுங்காலம் முன்பே கனடிய பிரெஞ்சில் இச்சொல் வழங்கியது. கடற்கரை மாநிலமான நியூ பிரன்சுவிக்கில் வாழும் அக்கேடியர், துருவிய கிழங்கை உருட்டி உள்ளே உப்பிட்ட பன்றியிறைச்சி வைத்து வேகவைக்கும் உருண்டையைப் 'பூட்டீன் ராப்பே' என்கின்றனர். கியூபெக் பேச்சு வழக்கிலோ, சிக்கலான குழப்பத்துக்கும் அதுவே பெயர். மொழியாசிரியர்க்கு உவப்பான செய்தி இன்னொன்றுண்டு. கியூபெக் பிரெஞ்சில் இகரத்தின் முன் வரும் டகர ஒலி 'ட்ஸ்' என நெகிழும். ஆகவே அம்மாநிலத்தார் வாயில் இது 'புட்ஸின்' என்றே ஒலிக்கின்றது. 'பூட்டீன்' என்று நீட்டி ஒலிப்பவர் ஆங்கிலேயர். தமிழில் நாம் எழுதும் வடிவம்கூட ஆங்கில வழி வந்ததே!

பெயர் இப்படியிருக்க, அதை உண்டவர்க்கு வந்த பெயர் யாது? 1759இல் கியூபெக் நகரம் ஆங்கிலப் படைக்கு வீழ்ந்தது. 1763இல் பாரிஸ் உடன்படிக்கையால் பிரெஞ்சுக் கனடா பிரிட்டனின் கைக்குச் சென்றது. அதன்பின் இருநூறு ஆண்டுக் காலம், மாண்ட்ரியலின் வங்கியும் ஆலையும் வணிகமும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடம் இருந்தன. எண்ணிக்கையில் மிக்க பிரெஞ்சுக்காரர் கூலிக்கு உழைத்தனர். தம் மொழியில் பேசியவரை 'வெள்ளையர் மொழியில் பேசு' என்று அதட்டிய காலம் அது. பட்டாணிக் கஞ்சி குடிப்பவர் என்பதால் 'பீ சூப்' என்றும், விலை மலிந்த குளிர்பானத்தை வாங்கிக் குடிப்பவர் என்பதால் 'பெப்ஸி' என்றும் அவர்களை ஏசினர். உணவைச் சொல்லி இனத்தை இழிப்பது உலகெங்கும் உள்ள கொடுமைதான். பூட்டீனும் அவ்வரிசையில் சேர்ந்தது. நாட்டுப்புறத்தான் உணவு, குடித்துவிட்டு நள்ளிரவில் உண்ணும் உணவு, கொழுப்பு மிகுந்த குப்பை என்றெல்லாம் ஆங்கிலேயர் மட்டுமின்றி, கற்ற பிரெஞ்சுக்காரரே முகம் சுளித்தனர். அஷ்டன் லெப்லான் என்பார் 1969இல் கியூபெக் நகரத்தருகே சிற்றுண்டிக் கடை தொடங்கி, 1972 முதல் பூட்டீனை விற்றார். அதன் பிறகே நகரத்தார் அதை மெல்ல அறிந்தனர்.

இனி, தட்டின் மேலடுக்குக்கு வருவோம். 1881இல் உருசியப் பேரரசன் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதன்பின் அந்நாட்டு யூதர்மீது கலகங்கள் ஏவிவிடப்பட்டன. ருமேனியாவிலும் யூதர்க்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் மாண்ட்ரியலில் இறங்கினர். 1931இல் அந்நகரத்து யூதர் தொகை ஏறத்தாழ 58,000. துறைமுகத்திலிருந்து வடக்கே செல்லும் செயின்ட் லாரன்ஸ் வீதியை ஒட்டி, மேற்கே ஆங்கிலேயரும் கிழக்கே பிரெஞ்சுக்காரரும் வாழ, இவர்கள் நடுவே வாழ்ந்தனர். தையற்கூடங்களில் உழைத்தனர். இவர்கள் பேசிய இட்டிஷ் மொழி, பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் அடுத்து அந்நகரின் மூன்றாம் மொழியாக விளங்கியது. 1907இல் 'கெனடர் ஆட்லர்', அதாவது 'கனடியக் கழுகு' என்னும் இட்டிஷ் நாளிதழும் தோன்றியது. வந்தேறிய நாட்டில் சிறுபான்மை மொழியில் நாளிதழ் நடத்துவதன் அருமையை இப்பக்கத்தை வாசிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

யூத சமயத்தின் உணவு விதியை 'கோஷர்' என்பர். ஹலால் முறையை அறிந்த மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். மாட்டின் பின்பாகத்திலுள்ள நரம்பொன்றை நீக்காமல் அப்பகுதியை உண்ணுதல் கூடாது. நீக்குவது பெருந்தொல்லை. ஆகவே யூத இறைச்சிக்கடைகளில் முன்பாகமே புழங்கியது. முன்பாகத்திலும் நெஞ்சுப் பகுதி நார் மிக்கது, கடினமானது, எனவே மலிவானது. அதை மென்மையாக்கும் வழியே ஊறவைத்தலும் புகையூட்டலும். இக்கலையை யூதர் ருமேனியாவின் 'பஸ்த்ராமா'விலிருந்தும், அது தன் பெயரைத் துருக்கியரின் 'பஸ்தர்மா'விலிருந்தும் பெற்றன. அழுத்தியது என்பது துருக்கிச் சொல்லின் பொருள். நியூயார்க்கில் இதன் உடன்பிறப்புக்குப் 'பஸ்ட்ராமி' என்று பெயர். மாண்ட்ரியல் வகையில் சர்க்கரை குறைவு, மிளகு மிகுதி. உப்பு, மிளகு, மல்லி விதை, கடுகு, பூண்டு ஆகியவையே மசாலை. எந்தத் தமிழ் வீட்டு அடுக்களையிலும் இல்லாத பொருள் ஒன்றும் இதில் இல்லை.

இங்கும் முதல்வர் யார் என்னும் வழக்கு உண்டு. ருமேனியாவிலிருந்து 1884இல் வந்த ஆரன் சான்ஃப்ட் என்னும் இறைச்சிக்கடைக்காரர் 1894இல் புகையூட்டிய மாட்டிறைச்சிக்கு விளம்பரம் செய்திருப்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். லித்துவேனியாவிலிருந்து வந்த பென் கிராவிட்ஸின் குடும்பத்தாரோ பெருமை தமக்கே என்றனர். 1908இல் தொடங்கியதாகக் கூறப்படும் அவர்தம் 'பென்ஸ்' உணவகம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் பின்னர் 2006இல் மூடப்பட்டது. இன்றும் வாயிலில் வரிசை நிற்கும் கடை, ருமேனிய யூதரான ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928இல் தொடங்கியது. பத்து நாள் ஊறவைத்த இறைச்சி என்பது அக்கடையின் பெருமை.

யூதரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தும் நட்போடிருந்தனர் என்று எழுதினால் அது பொய்யாகும். 1930களின் பொருளாதார நெருக்கடியில் 'நம்மவரிடமே வாங்குவோம்' என்னும் பிரெஞ்சு இயக்கம் யூதக் கடைகளைப் புறக்கணிக்கத் தூண்டியது. 1934இல் நோத்ர் தாம் மருத்துவமனையில் யூத மருத்துவர் ஒருவர் பயிற்சிக்கு அமர்த்தப்பட்டபோது, உடன்பணியாற்றிய இளம் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது பிற மருத்துவமனைகளுக்கும் பரவ, சில நாள்களில் அவர் தாமே விலக நேர்ந்தது. ஆங்கிலேயரிடம் இழிவுபட்டவர் தம்மினும் எளியாரை இழிவுபடுத்திய இந்நிகழ்ச்சியை அம்மாநில வரலாற்றாசிரியர் மறைப்பதில்லை. இத்தகைய நகரில் யூதர் கடை இறைச்சிக்குப் பிரெஞ்சுக்காரர் மெல்ல மெல்ல வாடிக்கையாளராயினர். நள்ளிரவிலும் திறந்திருந்த கடையும், மலிந்த விலையும், ரை தானிய ரொட்டிக்கிடையே கடுகு தடவி அடுக்கித் தரும் வயிறு நிறைந்த உணவும் செய்த வேலை இது.

1977இல் கியூபெக் அரசு பிரெஞ்சு மொழிச் சாசனத்தை நிறைவேற்றி, கடைப்பலகைகளைப் பிரெஞ்சில் எழுதச் செய்தது. ஷ்வார்ட்ஸ் கடைப் பலகையில் 'மாண்ட்ரியல் எபிரேய இறைச்சிக்கடை' என்பதைப் பிரெஞ்சிலேயே காணலாம். ஆனால் உள்ளே விற்கும் பண்டத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. பிரெஞ்சுக்காரர் தம் மொழி இலக்கணப்படி ஆண்பாற் சொல்லாக்கி 'ல ஸ்மோக்ட் மீட்' என்றே கூறுகின்றனர். மொழிக்காவல் மிகுந்த மாநிலத்தில், யூதர் கொணர்ந்த உணவை ஆங்கிலப் பெயரிட்டுப் பிரெஞ்சுக்காரர் உண்கின்றனர். 2012இல் அக்கடையை விலைக்கு வாங்கிய குழுவில் பிரெஞ்சு மக்களின் பெரும்பாடகி செலின் தியோனும் அவர் கணவரும் இருந்தனர்.

ஆயினும் பூட்டீன்மேல் இவ்விறைச்சி ஏறுவதற்குப் பெருந்தடை ஒன்றிருந்தது. இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சமைத்தலும் உண்ணுதலும் கோஷர் விதிக்கு முற்றிலும் மாறானவை. விதி வழுவாத வீடுகளில் பால் உணவுக்கும் இறைச்சிக்கும் பாத்திரங்களே வேறு. பச்சைச் சீஸின்மேல் மாட்டிறைச்சியை வைப்பது அவ்வீட்டார்க்கு எண்ணவும் ஒண்ணாதது. மாண்ட்ரியலின் புகழ்பெற்ற கடைகள் பல, காலப்போக்கில், சமயத் தலைவரின் மேற்பார்வையை விட்டுக் 'கோஷர் பாணி' என்னும் நிலைக்கு வந்தன; சுவை நின்றது, விதி நெகிழ்ந்தது. அந்நெகிழ்ச்சியின்றி ஸ்மோக்ட் மீட் பூட்டீன் பிறந்திராது. ஓர் இனத்தின் உணவு பிறரிடம் பரவும்போது எதையேனும் இழந்தே பரவுகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

பூட்டீனும் அவ்வாறே ஒன்றை இழந்து வருகின்றது என்பார் உளர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ்ஷிடம், கனடியத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ரிக் மெர்சர், 'பிரதமர் ஜான் பூட்டீன்' தம்மை ஆதரிப்பதாகச் சொல்ல, அவர் ஐயுறாது மகிழ்ந்தார். உண்மைப் பிரதமர் ஜான் கிரேட்டியன். நாடே சிரித்தது. அதற்குள் பூட்டீன் கனடா முழுவதும் அறிந்த பெயராகியிருந்தது. மாண்ட்ரியல் சமையற்கலைஞர் மார்த்தன் பிக்கார், விலையுயர்ந்த வாத்தீரலை அதன்மேல் வைத்துப் பரிமாறி மேட்டுக்குடியினரையும் ஈர்த்தார். 2016 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவுக்கு அளித்த விருந்தில் புகையூட்டிய வாத்திறைச்சியோடு சிறு பூட்டீன்கள் வைக்கப்பட்டன. அதே ஆண்டு நிக்கோலா ஃபாபியன்-உவெலெ என்னும் ஆய்வாளர் கட்டுரையொன்று வெளியிட்டார். கியூபெக் மக்களை இழித்துரைக்கப் பயன்பட்ட உணவை, அவ்விழிவை மறந்து, 'கனடாவின் தேசிய உணவு' என்று கொண்டாடுவது பிறர் பண்பாட்டைக் கவர்வதாகும் என்பது அவர் வாதம். உணவைப் பிறர் உண்ணலாகாது என்று அவர் கூறவில்லை. யாருடையது என்பதைச் சொல்லி உண்ண வேண்டும் என்றே கூறினார். அவ்வளவுக்கு அவர் கூற்று நேரியது.

வீட்டில் இதைச் செய்யும் முறையிலும் இவ்வரலாறு தெரிகின்றது. மாவு மிக்க கிழங்கை விரல் பருமனுக்கு வெட்டி, மாவு நீங்கத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, 160 பாகை சூட்டிலுள்ள எண்ணெயில் நிறம் மாறாமல் ஒருமுறை வேகவிடுவர். ஆறவைத்து, 190 பாகையில் மறுமுறை பொன்னிறமாகப் பொரிப்பர். ஒருமுறை பொரித்த கிழங்கு குழம்பு பட்டவுடன் துவண்டுவிடும். வெண்ணெயில் மாவைப் பழுப்பாக வறுத்து, கோழி, மாட்டு எலும்புச் சாற்றில் கரைத்து, மிளகும் சிறிது புளிக்காடியும் சேர்த்தால் குழம்பு. கியூபெக் வீடுகளில் பலர் இதற்கும் கடைப் பொட்டலத்தையே நாடுவர்; அதில் இழிவொன்றுமில்லை, கடைகளிலும் அதுவே வழக்கம். சீஸைச் சற்று முன்னரே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வைப்பர். குழம்பின் சூட்டில் அது வெதுவெதுப்பாக வேண்டுமேயன்றி உருகிவிடலாகாது. கீச்சொலி எஞ்ச வேண்டும்.

இறைச்சி மட்டும் வீட்டில் ஆவதில்லை. பத்து நாள் ஊறலும், ஒரு பகல் புகையும், மூன்று மணி ஆவியும் எவர்க்கு இயலும்? ஆகவே கடையிலிருந்து கொணர்ந்து, அல்லது பையோடு கொதிநீரில் இட்டுச் சூடாக்கி, நாருக்குக் குறுக்கே அரிந்து, கடைசியில் மேலே தூவுவர். கொழுப்பு சற்று ஒட்டிய துண்டுகளே சுவை மிக்கவை. கிழங்கு, சீஸ், குழம்பு, இறைச்சி என்னும் முறையில் அடுக்கியவுடன் உண்ண வேண்டும். கால் மணி கடந்தால் தட்டில் எஞ்சுவது லஷான்ஸ் சொன்ன குழப்படியே.

விதி காக்கும் யூதக் குடும்பங்களும் மாண்ட்ரியலில் இன்றும் பூட்டீன் உண்கின்றன. அவர்கள் எலும்புச் சாற்றை நீக்கிக் காளானும் வெங்காயமும் வேகவைத்த நீரில் குழம்பு செய்து, அதைக் கோஷர் சீஸின்மேல் ஊற்றுவர். ஸ்மோக்ட் மீட் வேண்டிய நாளில் அதைக் கிழங்கின்மேல் வைத்து, சீஸை விட்டுவிடுவர். இரண்டையும் அவர்கள் ஒரே தட்டில் இடுவதில்லை.